கீழ்வேலி முள்

திண்டுக்கல்
2-2-2025

மணிக்கு,

அக்கா எழுதுகிறேன். கிழித்து அடுப்பில் போடுவதென்றால் படித்துவிட்டுப் போடு.

இனி என்னோடு ஒரு வார்த்தை பேசினால் உன் நாக்கு அழுகிப்போகட்டும் என்று கருப்பசாமி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினாய். ஊரே பார்த்தது. சத்தியம் பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்லை. அதனால் மகளின் காலேஜ் நோட்டில் நாலு தாள் கிழித்து எழுதி, வாழைத்தார் இறக்க மார்க்கெட்டுக்கு வரும் சடையாண்டியின் ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். பதில் போட மனசிருந்தால் அவன் கையிலேயே கொடு.

அப்பா போய் வருஷம் திரும்பியது. இருக்கிறது இரண்டே சொத்து. நீ குடியிருந்த டவுன் வீடு ஒன்று, நான் இருபத்திரண்டு வருஷம் மண்ணோடு கிடந்த சிறுமலைத் தோட்டம் ஒன்று. யாருக்கு எது என்று நாம் அடித்துக்கொள்ள வேண்டாம், சாமி சொல்லட்டும் என்றுதானே பூக்கட்டிப் பார்த்தோம்? பூ வாங்கிவந்து இலையில் பொட்டலம் கட்டியது நீ. குலுக்கிப் போட்டது பூசாரி வீட்டுப் பேச்சாயி. மூத்தவள் என்று முதலில் எடுத்தது மட்டும் நான். வெள்ளைப் பூ வந்தது, எனக்கு டவுன் வீடு. மிஞ்சிய சிவப்பு உனக்கு, தோட்டம். இதில் நான் செய்தது என்ன? தோட்டம் கைவிட்டுப் போகிறதே என்று நாலு சொட்டுக் கண்ணீர் விட்டேன். அதற்கு, "ஏங்க்கா இம்புட்டு நடிக்கிற?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாய். பதிலுக்கு நானும் கேட்டேன். கேட்டதையெல்லாம் இங்கே எழுதிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன் என்று தெரிந்துகொள். தேவதர்ஷினிக்குக் காலேஜ் பத்து நிமிஷம். நர்சிங் படிக்கிற பிள்ளை மலையில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டோரம் நின்று அழுத காலம் முடிந்தது. உன் அத்தான் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சுவிட்சைப் போட்டால் விளக்கு, வாசலுக்கு வந்தால் ஆட்டோ.

நீ வாசல் அறையில் குடிவைத்த நுஸைபா டீச்சர் தங்கமான பிள்ளை. சாயங்காலம் பதினைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன் எடுக்கிறாள். "சும்மா வந்து உக்காருங்கக்கா, வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேளுங்க" என்றாள். எட்டாவதோடு நின்றுபோன நான் இப்போது கடைசி பெஞ்சு. வியாழக்கிழமை தோறும் ஒரு இங்கிலீஷ் பழமொழி. சிரிக்காதே.

மாப்பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கிறது?

சோலை


சிறுமலை
11-2-2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. வேடசந்தூர் மில்லில் பதினாறு வருஷம் பஞ்சைச் சுவாசித்த நெஞ்சு அது. டவுனில் அவர் மூச்சு விடும் சத்தத்தை எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். இங்கே வந்து பத்தாம் நாள், எண்ண மறந்து தூங்கிவிட்டேன். இவ்வளவு நல்ல காற்றையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் "உனக்கென்ன, டவுன்காரி" என்று பெருமூச்சு விட்டாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

டவர் இல்லை. பாறை மேல் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு காட்டும், பேச வாயெடுத்தால் போய்விடும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியம்மாள் மட்டும் தினம் ஒரு தடவை வந்து, "சோலை இருந்தா இப்படிச் செய்ய மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போகிறது. மிளகு பறித்தால் சோலை. வாழைக்கு மண் அணைத்தால் சோலை. நான் யார் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

நடித்தாய் என்றுதான் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

அன்புமணி


திண்டுக்கல்
20-2-2025

மணிக்கு,

நான் நடித்தேனா அழுதேனா என்பது கருப்பசாமிக்குத் தெரியும். நீ வக்கீல் வேலை பார்க்காதே.

குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று நீ ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, என் கண்ணில் வசதியை மட்டும் காட்டினாய். நான் ஓடையில் குடம் முக்கிய கை. இங்கே குடத்தை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடி நிற்கிறேன். எதிர்வீட்டு ஜன்னலும் நம் ஜன்னலும் முகத்தோடு முகம். அந்த வீட்டில் தாளிக்கிற கடுகு நம் வீட்டில் வெடிக்கிறது. அப்படி இருந்தும், "சாப்டியா" என்று ஒருவர் கேட்டதில்லை. நுஸைபா மட்டும்தான் கேட்கும்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. சும்மா எழுதினேன்.

ஓடைப் பக்கத்துப் பலாவில் பிஞ்சு விட்டதா? அந்த மரத்துக்கு அடியில் மாலையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். மேல்வரிசை மிளகுக்கொடியை நீ தொடாதே, ஆள் வைத்துப் பார்.

சோலை


சிறுமலை
2-3-2025

அக்காவுக்கு,

பலா பிஞ்சு விட்டிருக்கிறது. ஆனால் அதன் அடியில் உட்கார வழி எங்கே விட்டாய்?

கீழ்வேலி ஓரத்தில், ஓடைக்கு இறங்கும் இடத்தை அடைத்து, ஆள் உயரத்துக்கு இலந்தை முள்ளும் உண்ணிச்செடியும் குவித்து வைத்திருந்தாய். அதன் மேல் ஓட்டை டின்கள் வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தாய். வெட்டியதைக் கொண்டுபோய் ஒதுக்குப்புறமாகப் போடச் சோம்பல்பட்டு, இத்தனை வருஷம் குப்பையை அங்கேயே சேர்த்திருக்கிறாய் போலிருக்கிறது. அவர் நாலு நாள் வெட்டி இழுத்தார். முள்ளெல்லாம் அடுப்புக்கு ஆயிற்று. டின்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று.

இப்போது வந்து பார்க்க வேண்டும் நீ. வீட்டுப் படியில் நின்றால் ஓடை வரைக்கும் தெரிகிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க, நம் ஓடைக்கரையில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மோட்டாருக்கான கரண்டு விடியற்காலையில்தான் வருகிறது. அவர் தினமும் ஐந்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு, அந்தப் புது வழியில் இறங்கிப்போய் மோட்டார் போடுகிறார். முன்பெல்லாம் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடக்க வேண்டும், இப்போது இரண்டு நிமிஷம்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வழி வைக்கத் தெரியவில்லையே உனக்கு! ஆரோக்கியம்மாள் மகள் வீட்டுக்கு ஆயக்குடி போயிருக்கிறது. திரும்பி வந்து இதைப் பார்த்தாவது உன் பாட்டை நிறுத்தட்டும்.

அன்புமணி


திண்டுக்கல்
20-3-2025, வியாழன் மாலை

மணி,

முதலில் இதைச் செய், அப்புறம் மீதியைப் படி. மாப்பிள்ளையை விடியற்காலையில் ஓடைக்கு அனுப்பாதே. நாளைக்கு வேண்டவே வேண்டாம். மோட்டார் போடாவிட்டால் வாழை செத்துவிடாது.

அது குப்பை இல்லை. காட்டுமாட்டுக்காகப் போட்ட அடைப்பு. பங்குனி பிறந்தால் மேல்காட்டில் புல் கருகிவிடும், சுனையும் வற்றிவிடும். பச்சை இருக்கிற ஒரே இடம் நம் ஓடைக்கரை. அதற்கு இறங்கும் பழைய மாட்டுத்தடம் நம் கீழ்வேலி வழியாகத்தான் போகிறது. அதனால்தான் வருஷா வருஷம் மாசியில் முள் வெட்டி ஆள் உயரத்துக்கு அடைப்போம். டின் கட்டுவது சத்தம் கேட்டு அது திரும்பிப் போவதற்கு. விடிவதற்கு முன்னால்தான் வரும். இருட்டில் அசையாமல் நின்றால் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

உன் கடிதம் இரண்டாம் தேதியே வந்தது. படித்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது மணி. உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. "ஒரு வழி வைக்கத் தெரியவில்லையே" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ரொம்பத் தெரிந்தவள், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். நாலு வாழை போகும், அழுவாள், என்னிடம் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை. பதினெட்டு நாள்.

இன்றைக்கு டியூசனில் பழமொழி நாள். நோன்பு வைத்துக்கொண்டு, குரல் வற்ற வற்ற அந்தப் பிள்ளை போர்டில் எழுதிச் சொல்லிக்கொடுத்தது. "தி கிராஸ் ஈஸ் ஆல்வேஸ் கிரீனர் ஆன் தி அதர் சைட் ஆஃப் தி ஃபென்ஸ்." பிள்ளைகள் எல்லாம், "மிஸ், இக்கரைக்கு அக்கரை பச்சை!" என்று கத்தின. "அதேதான். நம்ம ஆளுங்க ஆத்தச் சொன்னாங்க, அவங்க வேலியச் சொல்றாங்க. சோலையக்கா, நீங்க ஒவ்வொரு வார்த்தையா தமிழ்ல சொல்லுங்க பாப்போம்" என்றது.

எழுந்து நின்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்லு எப்பவும் பச்சையா இருக்கும். சொல்லும்போதே நீ எழுதிய ஓடைக்கரைப் புல் கண் முன்னால் வந்தது. "யார் கண்ணுக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "மாட்டு கண்ணுக்குத்தான்க்கா, அப்புறம் மனுசங்களுக்கும்" என்று சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். நான் வெங்காயத்தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

பதினோரு தடவை போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கடைசி பஸ் போய்விட்டது. சடையாண்டி இப்போது கிளம்புகிறான், ஜீப் நிறைய சிமெண்டு மூட்டை, ஏற இடமில்லை என்கிறான். அவனை நிறுத்தி வைத்துக்கொண்டு, பானெட் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். வாயாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவனை நம்ப முடியாது, பாதி வழியில் மறந்துவிடுவான். காலையில் முதல் பஸ்ஸில் நானே வாரேன்.

ஓடைக்கு அனுப்பாதே. அனுப்பாதே.

சோலை


சிறுமலை
21-3-2025, வெள்ளி

மணி,

உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு பூட்டிக் கிடக்கிறது. பஸ் மலை அடிவாரத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது, வந்து சேர ஒன்பதாகிவிட்டது. ஆரோக்கியம்மாள் வீடும் பூட்டு. கேட்க ஒரு ஆள் இல்லை.

கீழே போய்ப் பார்த்தேன். மோட்டார் கவிழ்ந்து கிடக்கிறது. வாழை ஒரு வரிசை முழுவதும் மிதிபட்டிருக்கிறது. டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைத்து எடுத்து வந்தேன். மாப்பிள்ளையின் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. ஓடைக்குள் இறங்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டேன், இன்னொன்றைக் காணோம். ஒரு கல்லில் ரத்தம் இருக்கிறது. மாட்டு ரத்தமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாயில்லாத ஜீவன் என்னை மன்னிக்கட்டும்.

எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கோயிலில் நான் மோந்து பார்த்துத்தான் எடுத்தேன். சாமியைக் கும்பிடுகிற மாதிரி குனிந்தேன். ஒரு பொட்டலத்தில் மல்லிகை வாசம் அடித்தது. சிவப்பு அரளிக்கு ஏது வாசம்? வெள்ளை எது என்று தெரிந்தே கை வைத்தேன். எனக்கு டவுன் வீடு வேண்டும், தர்ஷினி படிக்க வேண்டும், நானும் ஒரு தடவையாவது உன்னை மாதிரி இருந்து பார்க்க வேண்டும். எடுத்துவிட்டு, யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அழுதேன். நீ நடிப்பு என்றது நிஜம்தான்.

சாமி சொத்தைப் பங்கு போடவில்லை, நான்தான் போட்டேன். இந்தத் தோட்டத்தையும் அந்த மாட்டுத்தடத்தையும் உன் தலையில் கட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும் நான்தான். மாப்பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

கதவு நாதாங்கியில் இதைச் செருகுகிறேன். அருவாளை உன் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் முள் வெட்டி அடைத்துவிட்டுத்தான் இங்கிருந்து நகர்வேன்.

சோலை


திண்டுக்கல்
23-3-2025

மணி,

கேரியரின் மேல் தட்டில் இதை வைக்கிறேன். கீழே ரசம் சோறும் பீர்க்கங்காய் வெஞ்சனமும் இருக்கின்றன. நீ இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று தர்ஷினி சொன்னாள். நீங்கள் இங்கே பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறீர்கள் என்று நேற்று மலையிலிருந்து இறங்கியதும் அவள்தான் சொன்னாள். நான் மேலே ஏறும்போது நீங்கள் சடையாண்டி ஜீப்பில் கீழே இறங்கியிருக்கிறீர்கள். எந்த வளைவிலோ என் பஸ்ஸும் அந்த ஜீப்பும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும்.

இடது பக்கம் இரண்டு விலா, தொடை எலும்பு, மூச்சுக்குக் குழாய் என்று தர்ஷினி சொன்னாள். படிக்கிற பிள்ளை, பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறாள். மில்லில் கெட்ட நெஞ்சு தாங்குமா என்று டாக்டர் கேட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை, அது நுஸைபா மூலம் என் காதுக்கு வந்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை மாப்பிள்ளைக்காக துஆ கேட்கிறது.

நான் வரவில்லை. நான் வந்து நின்றால் உனக்குப் பேச்சு வந்துவிடும், சத்தியம் உடைந்துவிடும். இந்த நேரத்தில் அது வேறு வேண்டாம். சாமி காரியம்.

இங்கே வீட்டில் எல்லாம் இருக்கிறது. அரிசி, விளக்கு, காற்றாடி. எதைத் தொட்டாலும் இது உன்னுடையது, நான் மோந்து எடுத்தது என்றுதான் தோன்றுகிறது. சாப்பிடு. கேரியரைக் கழுவ வேண்டாம், அப்படியே கொடுத்துவிடு.

சோலை


திண்டுக்கல், ஆஸ்பத்திரி
25-3-2025

அக்கா,

இன்று காலை மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார். தண்ணீர் கேட்டார். அடுத்ததாக, "மோட்டார் என்னாச்சு" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தொடைக்கு ஆபரேஷன் இருக்கிறது. நடக்க மூன்று மாசம் ஆகுமாம். ஆனால் நடப்பார்.

பாறை என்று நினைத்துப் பக்கத்தில் போயிருக்கிறார். டார்ச் அடித்ததும் பாறை எழுந்து நின்றதாம். ஒரே முட்டு, ஓடைக்குள் விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடினேன். ஆரோக்கியம்மாள் முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தது. அது தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடிவராவிட்டால் நானும் இல்லை. ஜீப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு கூட வந்ததும் அதுதான்.

நீ எழுதிவிட்டாய். இப்போது நான் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை இரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதே சடையாண்டி வந்து உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டான். "அக்கா என்னமோ சொல்லச் சொல்லுச்சு, மறந்துட்டேன், அதுல இருக்கும்" என்றான். நான் பிரிக்கவில்லை. பதினெட்டு நாள் பதில் போடாதவள் இப்போது குத்திக்காட்டத்தான் எழுதியிருப்பாள், படித்தால் தூக்கம் போய்விடும் என்று மிளகு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். காலையில் அவர் டார்ச் எடுக்கும்போது அது அங்கேதான் இருந்தது. ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் பணம் தேடி டப்பாவைத் தூக்கினேன், கடிதமும் கையோடு வந்தது. இந்த வார்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் பிரித்தேன். "முதலில் இதைச் செய், அப்புறம் மீதியைப் படி." அந்த ஒரு வரிக்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை.

நீ பதினெட்டு நாள் வாயை மூடியிருந்தாய். நான் ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டேன். எது பெரிது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாற்றுத்துணி எடுக்க நேற்று ஆரோக்கியம்மாள் மகன் மலைக்குப் போனான். நாதாங்கியில் இருந்த உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். நீ மோந்து பார்த்தது எனக்கு அன்றைக்கே தெரியும். கோயில் வாசலில் நந்தியாவட்டை கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. வெள்ளைப்பூவுக்கு அதுவே போதும். நான் அதை விட்டுவிட்டுக் கடைக்குப் போய் மல்லிகை கேட்டு வாங்கினேன். மூன்று வீடு தள்ளி மாவு புளித்தால் சொல்கிற மூக்கு உன்னுடையது. நீ வாசம் பிடிப்பாய், வெள்ளையை எடுப்பாய், தோட்டம் எனக்கு வரும் என்று தெரிந்துதான் கட்டினேன். எனக்கு அந்தக் காற்று வேண்டும், அவர் இருமாமல் தூங்க வேண்டும். நான் எண்ணியபடியே எல்லாம் நடந்தது. அப்புறம் நீ அழுதாய். ஊரே உன்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது, என்னைத் தோட்டத்தைப் பிடுங்கியவள் மாதிரி பார்த்தது. அதில்தான் எனக்கு வெறி வந்தது. நீ எடுத்ததில் இல்லை.

வேலியை நீ ஒற்றை ஆளாக அடைத்து முடித்ததாகவும், உன் கை முழுக்க முள் கிழித்திருக்கிறது என்றும் தர்ஷினி சொன்னாள். எந்த வீடு யாருக்கு என்று இப்போது நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து நடக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சத்தியம், சத்தியம் என்று முதல் கடிதத்திலும் எழுதினாய், கேரியரில் வைத்ததிலும் எழுதினாய். அன்றைக்குக் கற்பூரத்தை அணைத்தது யார்? நான். நாக்கு அழுகட்டும் என்றது யார்? நான். நீ எந்தச் சத்தியமும் பண்ணவில்லை, அக்கா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாய், அவ்வளவுதான். இந்த இரண்டு மாசத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து, என் வாசலில் நின்று, "அடியே, அந்த முள்ள எடுக்காத" என்று நீ வாயால் சொல்லியிருக்கலாம். நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் எனக்குக் காது இருக்கிறதே.

ஆண்கள் வார்டு, மாடியில், கட்டில் பதினேழு. பார்க்க விடும் நேரம் நாலிலிருந்து ஆறு. கேரியரைத் தர்ஷினியிடம் கொடுக்காதே, நீயே கொண்டு வா. நான் வாய் திறக்க மாட்டேன். நீ வந்து பேசு.

மணி